பழைய நீதிபதிகளை என்ன செய்வது? வாசகர் கேள்வி - பதில்

சென்ற இதழில், நீதிமன்றத்தைக் கைக்குள் வைத்திருந்த ஓர் ஆட்சி போனபிறகு, புதிதாக வருகிற அரசு நீதித்துறையை எவ்வளவு தூரம் மாற்றலாம் என்று எழுதியிருந்தேன். மக்கள் ஓட்டுப் போட்டு வந்த அரசாகவே இருந்தாலும் நீதிபதிகளை மொத்தமாகத் தூக்கக் கூடாது என்று அதில் சொன்னதற்கு நிறைய எதிர்ப்பு வந்திருக்கிறது. கோபமாக வந்த கடிதங்களைத்தான் முதலில் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: பழைய ஆட்சிக்கு ஜால்ரா போட்டு, அப்பாவிகளை உள்ளே தள்ளியவர்கள் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். புது அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தால் அதையும் அவர்களே ரத்து செய்வார்கள். எல்லோரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நல்லவர்களைப் புதிதாகப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

கென்யாவில் ஏறக்குறைய இதைத்தான் செய்து பார்த்தார்கள். 2002 டிசம்பரில் டேனியல் அராப் மோய் ஆட்சி போய் முவாய் கிபாகி வந்தார். நீதிமன்றங்களில் லஞ்சம் தலைவிரித்தாடியது உண்மை, அதை யாரும் மறுக்கவில்லை. 2003இல் நீதிபதி ரிங்கேரா தலைமையில் ஒரு குழு போட்டார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இருந்த 9 பேரில் 5 பேர், உயர் நீதிமன்றத்தில் 36 பேரில் 18 பேர், மாஜிஸ்திரேட்டுகள் 254 பேரில் 82 பேர் மீது அந்தக் குழு விரல் நீட்டியது. பெயர்ப்பட்டியல் பத்திரிகைகளில் வந்துவிட்டது. இரண்டு வாரத்துக்குள் நீங்களே போய்விடுங்கள், இல்லாவிட்டால் விசாரணைத் தீர்ப்பாயம் என்றார்கள். பலர் போய்விட்டார்கள். நின்று போராடிய சிலர் மீது குற்றம் நிரூபணமாகவில்லை.

ஊரே கைதட்டியது. ஆனால் காலியான இடங்களில் யார் வந்தார்கள்? அதைத் தீர்மானித்தது புதிய குடியரசுத் தலைவரின் கை. அவருக்கு வேண்டியவர்களைப் போட்டுவிட்டார் என்ற பேச்சு அன்றிலிருந்தே கிளம்பிவிட்டது. 2007 தேர்தல் முடிவில் தகராறு வந்தபோது, எதிர்க்கட்சியான ஒடிங்கா தரப்பு நீதிமன்றத்துக்குப் போகவே மறுத்தது. உங்கள் நீதிபதிகளிடம் நாங்கள் ஏன் வர வேண்டும் என்பதுதான் காரணம். வழக்கு நீதிமன்றத்துக்குப் போகாததால் தெருவுக்குப் போனது, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்த வன்முறைக்கு வேறு பல காரணங்களும் உண்டு, மொத்தப் பழியையும் 2003இன் மீது போட மாட்டேன். ஆனால் அத்தனை பேர் நம்பிப் போய் நிற்க ஒரு நீதிமன்றம் இல்லாமல் போனதில் அந்த அவசரத்துக்குப் பங்கு உண்டு.

அப்புறம் அதே நாடு இரண்டாவது முறை செய்ததைப் பாருங்கள். 2010 ஆகஸ்டில் பொது வாக்கெடுப்பு மூலம் புது அரசியல் சாசனம் வந்தது. பதவியில் இருக்கிற ஒவ்வொரு நீதிபதியும் மறுபடி தகுதிச் சோதனைக்கு வர வேண்டும் என்று அந்தச் சாசனமே சொன்னது. சோதித்தது அமைச்சர் இல்லை, தனி வாரியம். அதில் வெளிநாட்டு மூத்த நீதிபதிகளுக்கும் இடம் இருந்தது, தென்னாப்பிரிக்காவின் ஆல்பி சாக்ஸ் அவர்களில் ஒருவர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, புகாரைக் கையில் கொடுத்து, பதில் சொல்ல வாய்ப்புத் தந்து, ஏன் இருக்கலாம், ஏன் போக வேண்டும் என்று காரணம் எழுதினார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நான்கு பேர் தகுதியற்றவர்கள் என்று 2012இல் முடிவானது. அதாவது கடுமையில் முதல் முறைக்கு இது ஒன்றும் குறைந்ததில்லை. புதிய தலைமை நீதிபதி வில்லி முட்டுங்காவைத் தேர்ந்தெடுத்த நேர்காணலும் எல்லோரும் பார்க்க நடந்தது. 2017இல் மறுபடி தேர்தல் தகராறு. அதே ஒடிங்கா இந்த முறை உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். செப்டம்பர் 1 அன்று, பதவியில் இருந்த குடியரசுத் தலைவரின் வெற்றியையே 4-2 என்ற பெரும்பான்மையில் அந்த நீதிமன்றம் ரத்து செய்தது.

நீங்கள் கேட்கிற நியாயமான கோபம் இரண்டாவது வழியிலும் தீர்ந்தது. போக வேண்டியவர்கள் போனார்கள். ஆனால் யாரை அனுப்புவது என்பதும், அந்த இடத்தில் யார் உட்காருவது என்பதும் ஒரே கையில் இல்லை.

கேள்வி: சுதந்திரம் சுதந்திரம் என்று சொல்லிச் சொல்லியே குற்றவாளி நீதிபதிகளைக் காப்பாற்றுகிறீர்கள். காணாமல் போன பிள்ளைக்காக நீதிமன்றப் படியேறிய தாயிடம் போய் இதைச் சொல்வீர்களா?

சொல்ல மாட்டேன். பொறுமையாக இருங்கள் என்று சொல்வதற்கு எனக்கு உரிமையும் கிடையாது.

சிலியில் அதுதான் நடந்தது. 1973இல் ராணுவத் தளபதி பினோசெ ஆட்சியைப் பிடித்தபிறகு ஆயிரக்கணக்கில் ஆட்கொணர்வு மனுக்கள் போடப்பட்டன, சில விதிவிலக்குகள் தவிர எல்லாம் தள்ளுபடி. அப்படி யாரையும் கைது செய்யவில்லை என்று அரசு எழுதிக் கொடுக்கும், நீதிமன்றம் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். 1990இல் ஜனநாயகம் திரும்பியது, நீதிபதிகள் அப்படியே இருந்தார்கள். அடுத்த ஆண்டு உண்மை அறியும் ஆணையம் நீதித்துறையைக் குறைசொன்னபோது, உச்ச நீதிமன்றம் தலைகுனியவில்லை, ஆணையத்தின் மீதே பாய்ந்தது. 1997இல்தான் ஒரு திருத்தம் வந்து, உச்ச நீதிமன்றம் 17 பேரிலிருந்து 21 பேராக விரிந்தது, வெளியிலிருந்து வழக்கறிஞர்களும் பேராசிரியர்களும் வர வழி பிறந்தது, செனட்டின் ஒப்புதல் கட்டாயமானது. அதன்பிறகே, உடல் கிடைக்காத ஆட்கடத்தல் இன்னும் முடியாத குற்றம், ஆகவே பினோசெ ஆட்சி போட்ட பொதுமன்னிப்பு அதற்குச் செல்லாது என்ற தீர்ப்புகள் வரத் தொடங்கின. நீதிபதிகள் சங்கம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது 2013இல், நாற்பது வருஷம் கழித்து. அதற்குள் எத்தனை பெற்றோர் கண்ணை மூடியிருப்பார்கள்.

ஆகவே "கை வைக்காதே" என்பது என் வாதம் இல்லை. நீதித்துறைச் சுதந்திரம் நீதிபதியின் சொத்து இல்லை. அது வழக்கோடு வந்து நிற்கிற அந்தத் தாயின் சொத்து. அவர் மனுவைப் படிக்கிறவர் யாருக்கும் பயப்படாதவராக இருக்க வேண்டும் என்பதற்குத்தான் பதவிப் பாதுகாப்பு என்ற ஒன்றே இருக்கிறது. பயந்தோ விலைபோயோ தீர்ப்பு எழுதியவர் அந்தப் பாதுகாப்புக்குள் ஒளிந்துகொள்ள முடியாது. ஆனால் அவர் அப்படி எழுதினார் என்பதை, அமைச்சரின் வாய்வார்த்தையாக இல்லாமல், ஆதாரத்தோடு யாராவது நிரூபிக்க வேண்டும்.

கேள்வி (சட்டக் கல்லூரி மாணவி): இவ்வளவு சிரமம் எதற்கு? ஓய்வு வயதைக் குறைத்துவிட்டால் வயதானவர்கள் தானாகப் போய்விடுவார்களே?

ஹங்கேரியில் 2012இல் 70இலிருந்து 62 ஆக்கினார்கள், இருநூறுக்கும் மேற்பட்ட நீதிபதிகள் வெளியேற நேர்ந்தது. அந்த நவம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இது வயதைக் காட்டிப் பாகுபாடு செய்வது என்று தீர்ப்புச் சொல்வதற்குள் தலைமைப் பதவிகள் பலவற்றில் புது ஆட்கள் உட்கார்ந்தாகிவிட்டது. போலந்து 2018இல் உச்ச நீதிமன்றத்தில் 70ஐ 65 ஆக்கியது. ஆனால் யாருக்கு நீட்டிப்பு என்பதைக் குடியரசுத் தலைவர் தன் இஷ்டப்படி முடிவு செய்யலாமாம்! தலைமை நீதிபதி மல்கோஷாதா கெர்ஸ்டோர்ஃப், அரசியல் சாசனம் எனக்கு ஆறு வருஷம் தந்திருக்கிறது என்று சொல்லி வழக்கம்போல் அலுவலகம் வந்துகொண்டிருந்தார். 2019 ஜூனில் அந்தச் சட்டமும் ஒன்றியச் சட்டத்துக்கு முரண் என்று அதே ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஓய்வு வயதை மாற்றவே கூடாது என்றில்லை, இனி வருபவர்களுக்கு மாற்றலாம். பதவியில் இருப்பவர்களுக்கு மாற்றினால் அது பதவி நீக்கம்தான், பெயர் மட்டும் வேறு.

கேள்வி: நல்ல எண்ணத்தில் சீர்திருத்தம் செய்கிறார்களா, இவர்களும் கைப்பற்றத்தான் பார்க்கிறார்களா என்று எங்களைப் போன்ற சாதாரண ஆட்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

எண்ணத்தை ஆராய வேண்டாம், மசோதாவைப் படியுங்கள். நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: இதைக் கொண்டுவருகிற அமைச்சரின் அதிகாரம் நாளை காலையிலிருந்து குறைகிறதா, கூடுகிறதா? பழைய ஆட்சி பிடுங்கிக்கொண்ட நியமன அதிகாரத்தைப் புது ஆட்சி விட்டுக்கொடுக்கிறது என்றால் அது சீர்திருத்தம். அந்த அதிகாரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, நாங்கள் நல்லவர்களைப் போடுகிறோம், நம்புங்கள் என்றால், இன்றைக்கு அவர்கள் நிஜமாகவே நல்லவர்களாக இருந்தாலும் எனக்கு அது போதாது. அடுத்த தேர்தலில் யார் வருவார் என்று யாருக்குத் தெரியும்? நீங்கள் அடியோடு வெறுக்கிற கட்சியின் கையில் இதே சட்டம் கிடைத்தால் தூக்கம் வருமா என்று கேட்டுப் பாருங்கள். வராது என்றால் இப்போதே எதிர்க்க வேண்டிய சட்டம் அது.

இன்னொன்று, முடிவுத் தேதி. சோதனை நடத்துகிற வாரியம் என்றைக்குக் கலையும் என்று சட்டத்திலேயே இருக்க வேண்டும். தேதி இல்லாத சோதனை என்றால், ஒவ்வொரு நீதிபதியும் ஒவ்வொரு தீர்ப்பிலும் அந்த வாரியத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் எழுதுவார்.

கேள்வி: போலந்தில் 2023இல் ஆட்சி மாறியதே, டஸ்க் தலைமையில் வந்த புது அரசு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்றார்களே, ஏன் இழுத்துக்கொண்டே போகிறது?

உலகத்தில் இன்று இதைவிடச் சிக்கலான முடிச்சு இருக்கிறதா என்று தெரியவில்லை, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அங்கே நீதிபதி நியமனத்துக்குப் பெயர் பரிந்துரைப்பது தேசிய நீதித்துறை மன்றம். 25 உறுப்பினர்கள், அதில் 15 பேர் நீதிபதிகள். முன்பு அந்த 15 பேரை நீதிபதிகளே தேர்ந்தெடுத்தார்கள். 2017 டிசம்பரில் வந்த சட்டம் அந்த வேலையை நாடாளுமன்றத்திடம் கொடுத்தது, அதாவது ஆளுங்கட்சியிடம். அப்படி மாற்றியமைத்த மன்றம் வழியாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நீதிபதிகள் வந்திருக்கிறார்கள். 'நியோ நீதிபதிகள்' என்று அவர்களைச் சொல்கிறார்கள். இப்படி வந்தவர்கள் உட்கார்ந்த அமர்வுகள் சட்டப்படி அமைந்த நீதிமன்றமே இல்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சில வழக்குகளில் சொல்லிவிட்டது.

சரி, நியமனம் தப்பு என்றால் எல்லோரையும் நீக்கிவிட வேண்டியதுதானே? இப்படி யோசியுங்கள். ஒரு பெண்ணுக்கு 2020இல் விவாகரத்து கிடைக்கிறது, குழந்தை அம்மாவிடம் இருக்கட்டும் என்று தீர்ப்பு. அவர் மறுமணம் செய்துகொள்கிறார், பழைய வீட்டை விற்றுப் புது ஊருக்குப் போகிறார். தீர்ப்பு எழுதியவர் நியோ நீதிபதி. அந்த நீதிபதி நீதிபதியே இல்லை என்று நாளைக்கு ஒரு சட்டம் வந்தால் இந்தப் பெண்ணின் கல்யாணம் என்ன ஆகும்? வீட்டை வாங்கியவர் என்ன ஆவார்? அவருக்கும் அரசியலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவர் போன நீதிமன்றத்தில் அன்றைக்கு யார் உட்கார்ந்திருந்தாரோ அவரிடம் போய் நின்றார், அவ்வளவுதான்.

அந்த இரண்டாயிரத்துச் சொச்சம் பேரும் ஒரே மாதிரி ஆட்களும் இல்லை. பயிற்சி முடித்து, வேறு வழியே இல்லாததால் இந்த மன்றம் மூலம் முதல் வேலைக்கு வந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். சக நீதிபதிகள் மீது ஒழுங்கு நடவடிக்கை பாய்ந்துகொண்டிருந்தபோது அந்தப் பக்கம் நின்று உச்ச நீதிமன்றம் வரை ஏறியவர்களும் இருக்கிறார்கள். இருவருக்கும் ஒரே தண்டனை என்பது எந்த ஊர் நியாயம்? 2024 அக்டோபரில், ஐரோப்பிய மன்றத்தின் சட்ட ஆலோசனை அமைப்பான வெனிஸ் ஆணையமும், நாடாளுமன்றம் ஒரே சட்டத்தில் எல்லோரையும் செல்லாதவர்களாக்க முடியாது, வகைவகையாகப் பிரித்துப் பார்க்கலாம் என்றுதான் கருத்துச் சொன்னது. எனக்கு அது சரியாகவே படுகிறது. மேலே போனவர்களின் பதவி உயர்வைத் திரும்ப எடுத்துப் பழைய இடத்துக்கு அனுப்பலாம், முதல் நியமனக்காரர்களை விட்டுவிடலாம், யாரும் ஆட்சேபிக்காத தீர்ப்புகள் அப்படியே நிற்கட்டும்.

ஆனால் இதற்கும் சட்டம் வேண்டும், சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் கையெழுத்து வேண்டும். முந்தைய ஆட்சிக் கட்சி வழியாக வந்த துடா, நீதித்துறை மன்றத்தை மாற்றும் சட்டத்தில் கையெழுத்துப் போடாமல் 2024இல் அரசியல் சாசனத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பினார். அந்தத் தீர்ப்பாயத்தில் இருப்பவர்களின் நியமனமே தகராறில் இருக்கிறது! 2025இல் அவருக்குப் பின் வந்த நவ்ரொட்ஸ்கியும் அதே தரப்பின் ஆதரவில் வென்றவர். சட்டத்தை மதிப்போம் என்று வாக்குக் கொடுத்து வந்த அரசுக்கு, சட்டப்படிச் செய்ய வழி அடைபட்டிருக்கிறது. குறுக்கு வழியில் போங்கள் என்று அந்த நாட்டிலேயே பலர் சொல்கிறார்கள். அந்த அவசரம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் நான் அவர்கள் பக்கம் இல்லை. 2015இல் ஆட்சிக்கு வந்த அந்த முந்தைய கட்சிக்காரர்களும் எங்களுக்கு ஓட்டு இருக்கிறது, நடைமுறை எதற்கு என்றுதான் ஆரம்பித்தார்கள்.

கேள்வி: இலங்கையில் 2015இல் செய்தது சரியா தப்பா? ஒரு வரியில் சொல்லவும்.

ஒரு வரியில் முடியாது. 2013 ஜனவரியில் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவை நாடாளுமன்றம் பதவி நீக்கியது. அதற்காக நாடாளுமன்றம் அமைத்த தெரிவுக்குழுவின் விசாரணை முறையற்றது என்று நீதிமன்றங்களே சொல்லியும் கேட்கவில்லை. மொஹான் பீரிஸ் வந்தார். 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும், சாசனம் கேட்கிற முறையில் நீக்கம் நடக்கவே இல்லை, ஆகவே பதவி காலியாகவே இல்லை, பீரிஸ் நியமனம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று புது அரசு சொன்னது. ஷிராணி 28ஆம் தேதி திரும்பி வந்து, மறுநாளே ஓய்வு பெற்றார். 30ஆம் தேதி க. ஸ்ரீபவன் பதவியேற்றார்.

முடிவு நியாயமானது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த முடிவை எழுதியது ஜனாதிபதி செயலகம், நீதிமன்றம் இல்லை. ஒரு தலைமை நீதிபதி செல்லுமா செல்லாதா என்று ஜனாதிபதியே கடிதம் மூலம் சொல்லலாம் என்றால் அடுத்தவரும் சொல்வார். நல்ல வேளையாக அவர்கள் அதோடு நிற்கவில்லை. அதே ஆண்டு 19ஆம் திருத்தம் கொண்டுவந்து, நியமனங்களுக்கு அரசியலமைப்புப் பேரவையின் ஒப்புதலைக் கட்டாயமாக்கினார்கள், ஜனாதிபதியின் அதிகாரத்தையும் குறைத்தார்கள். 2018இல் அதே ஜனாதிபதி சிறிசேன நாடாளுமன்றத்தைக் கலைத்தபோது, ஏழு நீதியரசர்கள் ஒருமனதாக, இந்தத் திருத்தத்தின்படி உங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்றார்கள். 2015இன் பலன் என்று எனக்குத் தெரிவது இதுதான். ஒருவரை நாற்காலியில் ஏற்றியதையும் இறக்கியதையும் நான் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

கேள்வி: நம் நாட்டில் எமர்ஜென்சிக்குப் பிறகு இப்படி ஏதாவது நடந்ததா?

நடந்திருக்கலாம், நடக்கவில்லை. அதனாலேயே அது முக்கியம். 1976 ஏப்ரல் 28 அன்று, எமர்ஜென்சியில் ஆட்கொணர்வு மனு போட யாருக்கும் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 4-1 என்று தீர்ப்புச் சொன்னது. மறுத்து எழுதிய எச்.ஆர். கன்னாவைத் தாண்டி, 1977 ஜனவரியில் பெக் தலைமை நீதிபதியாக்கப்பட்டார், கன்னா ராஜினாமா செய்தார். மார்ச்சில் ஜனதா ஆட்சி வந்தது. பெக் ஓய்வு பெறும்போது வரிசையில் அடுத்து இருந்தவர் ஒய்.வி. சந்திரசூட், அந்த நான்கு பேரில் ஒருவர். அவரைத் தலைமை நீதிபதியாக்கக் கூடாது என்று மூத்த வழக்கறிஞர்கள் பலர் வற்புறுத்தினார்கள். அமைச்சரவையில் இருந்தவர்களே அந்தத் தீர்ப்பால் சிறையில் கிடந்தவர்கள். ஆனால் சட்ட அமைச்சர் சாந்தி பூஷணும் அரசும் பணி மூப்பையே பின்பற்றினார்கள், 1978 பிப்ரவரியில் சந்திரசூட் பதவியேற்றார்.

அதே ஆண்டு 44ஆம் திருத்தம் வந்தது. எமர்ஜென்சியிலும் உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்குமான உரிமையை நிறுத்திவைக்க முடியாது என்றானது. தப்பாகத் தீர்ப்புச் சொன்ன நீதிபதியை விட்டுவிட்டு, அந்தத் தப்பை மறுபடி செய்யவே முடியாதபடி விதியை மாற்றிவிட்டார்கள். கன்னாவுக்கு நடந்த அநியாயத்துக்கு இது ஈடாகாது, அந்த வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் பழிவாங்கக் கிடைத்த வாய்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு எடுத்த முடிவு அது, எனக்கு அதன் மீது பெரிய மரியாதை உண்டு.

கேள்வி: நீதிபதிகளை நீதிபதிகளே தேர்ந்தெடுத்தால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

தீராது. மூடிய கதவுக்குப் பின்னால் யார் தேர்ந்தெடுத்தாலும் கடைசியில் தெரிந்தவர், வேண்டியவர் என்றுதான் முடியும். அரசியல்வாதி, நீதிபதி, வழக்கறிஞர் எல்லோரும் கலந்த குழு, யாருக்கும் தனிப் பெரும்பான்மை கூடாது, நேர்காணல் வெளிப்படையாக. இதுவே போதும் என்பதில்லை, இதுகூட இல்லாமல் ஆரம்பிக்கவே முடியாது.

கேள்வி: உருப்படியாகச் செய்த ஒரு நாட்டையாவது சொல்லுங்கள்.

குறையில்லாமல் யாரும் செய்யவில்லை. தென்னாப்பிரிக்கா அருகில் வந்தது. 1994இல் நீதிபதிகள் ஏறத்தாழ எல்லோரும் நிறவெறி ஆட்சி நியமித்த வெள்ளைக்காரர்கள். மண்டேலா அவர்களை அனுப்பவில்லை. அவருக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்ததே பழைய தலைமை நீதிபதி கோர்பெட்தான். அவர்களுக்கு மேலே, 11 பேர் கொண்ட புதிய அரசியல் சாசன நீதிமன்றத்தை உருவாக்கினார்கள். சாசனம் பற்றிய கடைசி வார்த்தை அந்தப் புது நீதிமன்றத்துடையது, அன்றாட வழக்குகள் பழைய நீதிபதிகளிடமே நடந்தன. 1995 செப்டம்பரில் அந்தப் புது நீதிமன்றம், மண்டேலா பிறப்பித்த உள்ளாட்சித் தேர்தல் தொடர்பான ஆணைகளையே செல்லாது என்றது. அவர் உடனே மக்கள் முன் வந்து தீர்ப்பை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்.

குறை என்ன என்றால், 1997இல் உண்மை ஆணையம் நீதித்துறை பற்றி விசாரித்தபோது பழைய நீதிபதிகள் நேரில் வர மறுத்துவிட்டார்கள். எழுத்தில் சில அறிக்கைகள் கொடுத்ததோடு சரி. தூக்குக் கயிற்றுக்கு எத்தனை பேரை அனுப்பியவர்கள், ஒரு நாள் வந்து பொதுவில் உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கலாம். அதனால் அவர்கள் சுதந்திரம் ஒன்றும் குறைந்திருக்காது.

கேள்வி (நீதிமன்ற ஊழியர்): மேலே யார் வருகிறார் போகிறார் என்றே பேசுகிறீர்கள். வழக்குக் கட்டு எந்த நீதிபதியிடம் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி ஏன் எழுதுவதில்லை?

எழுதியிருக்க வேண்டும். எல்லா நீதிபதியையும் வளைக்க எந்த ஆட்சிக்கும் தேவை இல்லை. முக்கியமான பத்து வழக்குகள் போய்ச் சேருகிற இரண்டு நீதிபதிகள் போதும். போலந்தில் 2017இல் நீதித்துறை அமைச்சர் கையில் எடுத்துக்கொண்ட முதல் அதிகாரங்களில் ஒன்று, மாவட்ட, மேல்முறையீட்டு நீதிமன்றங்களின் தலைவர்களை மாற்றுவது. ஆறு மாதத்தில் தலைவர்களும் துணைத் தலைவர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மாற்றினார். வழக்கை யாருக்குப் போடுவது, யாரை எந்தப் பிரிவுக்கு மாற்றுவது, யாருக்கு உதவியாளர் தருவது என்பதெல்லாம் அந்தத் தலைவர்கள் கையில். கணினியே குலுக்கல் முறையில் வழக்கை ஒதுக்கும் என்று ஒரு முறையும் வந்தது, கேட்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அந்த நிரல் எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல அமைச்சகம் மறுத்தது. அதைத் தெரிந்துகொள்ளவே குடிமை அமைப்பு ஒன்று வழக்குப் போட வேண்டியிருந்தது.

இதைச் சரிசெய்ய அரசியல் சாசனத் திருத்தம் வேண்டாம், யாரையும் நீக்க வேண்டாம். ஒதுக்கீட்டு விதியை முன்கூட்டியே எழுதி ஒட்டுவது, விதியை மீறி ஒரு கட்டு கை மாறினால் ஏன் என்று கோப்பில் காரணம் எழுதுவது, அந்தக் காரணத்தை இரு தரப்பு வழக்கறிஞரும் நகல் எடுக்கலாம் என்பது, தலைவர் பதவியைச் சுழற்சியில் விடுவது. புது அரசு வந்த முதல் மாதத்திலேயே இதைச் செய்யலாம். உங்கள் அலுவலகத்தில் இது எப்படி நடக்கிறது, கை மாறுகிற கட்டுகளுக்கு யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று பெயர் போடாமல் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் அதையே எடுத்துக்கொள்கிறேன்.